நாற்பதுக்குப் பூஜ்யம்

காலையில் உள்ளே வந்ததும் முதல் வேலை மூஞ்சியை ஒட்டுவது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இருக்கை எண்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் காந்தம் வைத்த வட்ட மூஞ்சிகள். சிரிக்கிற மஞ்சள், வாய்க்குப் பதில் கோடு போட்ட நீலம், உதட்டைப் பிதுக்கிய சிவப்பு. இன்றைக்கு உன் மனசு எப்படி இருக்கிறது என்று நிர்வாகம் அன்பாகக் கேட்கிறதாம். நீலத்தை ஒட்டினால் கண்காணிப்பாளர் கூப்பிட்டுப் பேசுவார். சிவப்பை ஒட்டினால் அவருக்கு மேலே இருக்கிறவர் கூப்பிட்டுப் பேசுவார். இரண்டு தடவை சிவப்பை ஒட்டியவருக்கு மூன்றாம் தடவை ஒட்ட இருக்கையே இருக்காது. அதனால் அந்த டப்பாவில் நீலமும் சிவப்பும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளக்கும். மஞ்சள் மட்டும் கை பட்டுக் கை பட்டு, சிரிப்பு அழிந்து, வெறும் வட்டமாகிக்கொண்டிருந்தது.

ஏழு ஒரு மஞ்சளை எடுத்துத் தன் எண்ணுக்கு நேராக ஒட்டினாள். அதில் ஒரு கண்ணும் பாதி உதடும்தான் மிச்சம். அவள் அதைப் பார்க்கவுமில்லை.

அவளுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. இங்கே எல்லோரும் எண்தான். ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதி. திரையிலும் எண், வருகைப் பதிவிலும் எண், கடைசியில் டீ குடிக்கும்போதும் எண்ணே ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஒம்பதுக்கு வயித்து வலியாம், ரெண்டு லீவு" என்பார்கள். வெளியாள் கேட்டால் கணக்குப் புத்தகம் பேசுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது மாடி. ஜன்னல் இல்லாத நீள அறை. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை, அதில் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை சிவப்பில். பன்னிரண்டு மேசைகளில் ஒன்பதுக்குத்தான் நாற்காலி இருந்தது. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று, எட்டு, பன்னிரண்டு ஆகிய மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் போன இடத்தில் நாற்காலி இருந்தால் மற்றவர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்குமாம். என்ன கரிசனம்! அழைப்புகளை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பன்னிரண்டு பேருக்கு வந்தது ஒன்பது பேருக்கு வந்தது.

அங்கே இரண்டு விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று, பேச்சே இல்லாத அழைப்பு. எடுத்தால் எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும், பத்து நொடி காத்திருக்க வேண்டும், வெட்டிவிட வேண்டும். இன்னொன்று, மூச்சு நேரம். லைனில் இருக்கும்போதே அங்கே ஒரு உயிர் போய்விட்டால், அந்த அழைப்பை எடுத்தவருக்கு அடுத்த அழைப்பு தொண்ணூறு நொடி கழித்துத்தான் வரும். தொண்ணூறு நொடி! ஒரு மனுஷன் செத்ததைக் காதால் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, மூக்கைச் சிந்தி, மறுபடி 'வணக்கம், அவசர உதவி' என்று சொல்ல ஒன்றரை நிமிஷம். அதைக் கொடுத்ததையே ஏதோ கொடை வள்ளல் கணக்காகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

இப்போது அந்தத் தொண்ணூறு நொடிக்கும் பஞ்சம் வந்திருந்தது.

கண்காணிப்பாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கடிகாரம். எதையும் நொடியில்தான் சொல்வார். "ஒரு நூத்திருபது நொடி வரமுடியுமா?" என்று அவர் கூப்பிட்டபோது ஏழு எழுந்து போனாள். மேசையில் ஒரு தாள்.

"மூணு மாசமா நீ மூச்சு நேரம் எடுக்கவே இல்லம்மா. சிஸ்டத்துல பார்த்தேன். லைன் முடிஞ்ச உடனே நீயே 'ரெடி' பட்டனை அமுக்கிடுற. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"மேடம் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. ஒருத்தரால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்ல? மத்தியானம் அந்த மன அழுத்தப் பயிற்சி இருக்கு பாரு, அங்கயே வெச்சு நீ இதுல ஒரு கையெழுத்து போடற. போட்டோ எடுப்பாங்க. வேற ஒண்ணுமில்ல."

தாளில் நாலு வரிதான். அழைப்புகளுக்கு இடையிலான இடைவெளி தனக்குத் தேவைப்படவில்லை, அது இல்லாமலேயே வேலைத்தரம் உயர்ந்திருக்கிறது, சக ஊழியர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். கீழே புள்ளி வைத்த கோடு. அவள் இரண்டு தடவை படித்தாள். எழுத்துகள் எழுத்துகளாக இருந்தன.

"சரி சார்," என்றாள்.

அவள் ஏன் அந்தப் பட்டனை அமுக்கினாள் என்று கடிகாரம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தொண்ணூறு நொடி சும்மா உட்கார்ந்திருப்பதும் அடுத்த சாவைக் கேட்பதும் அவளுக்கு ஒன்றாகிவிட்டிருந்தது. அவ்வளவுதான் அந்தச் சாதனை.

எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு ஆள் தன் மனைவிக்கு மூச்சு இல்லை என்று கூப்பிட்டான். வண்டி போய்ச் சேரும்வரை பதினோரு நிமிஷம் அவனோடு சேர்ந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நெஞ்சில் அழுத்துங்க, விடாதீங்க. கடைசியில் அவன், "போதும்மா, விட்டுடலாம்" என்றான். அன்றைக்குக் கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தாள். கை நடுக்கத்தில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறாமல் இரண்டு ஸ்டாப் நடந்தாள். வழியில் கிடந்த கல்லையெல்லாம் எத்தினாள். வீட்டுக்குப் போய், தட்டு சரியாகக் கழுவவில்லை என்று அம்மாவோடு தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டாள். அப்புறம் நேரே அக்கா வீட்டுக்குப் போய், அவள் மடியில் முகத்தைப் புதைத்து ஒரு பாட்டம் அழுதாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் கோதிக்கொண்டே, "அழு சுண்டு, நல்லா அழு, ஆனா மூக்கை என் புடவைல தொடைக்காத" என்றாள். அழுகை நடுவில் சிரிப்பு வந்தது. இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினாள். காலையில் பசியோடும் கோபத்தோடும் வேலைக்கு வந்தாள். குக்கர் மாதிரி. ஏறும், கூவும், இறங்கும். கூவுகிற வரைக்கும் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம்.

அது எந்த நாளில் நின்றது என்று அவளுக்கே தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட உதடு மாதிரி ஆகிவிட்டது எல்லாம். கடித்தால் ரத்தம் வரும், வலிக்காது. தூக்கம் வரவில்லையா என்றால், படுத்தால் கட்டை. கோபம் வருகிறதா என்றால், எதற்கு? இரண்டு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். போட்டாள். துவைக்கிற இயந்திரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்த்தாள். லீவு முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது. முன்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் திங்கட்கிழமை புது ஆளாக வருவாள். இப்போது எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைக் குடம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மா சொன்னாள். "மாமாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சாம்டி. சுகர் இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிட்டாங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசு."

"பேசறேன்."

நாலு நாள் கழித்து அம்மா மறுபடி பிடித்துக்கொண்டாள். "பேசறேன் பேசறேன்னு நாலு நாளாச்சு. அவளும் உன்னப் பத்திப் பேச்செடுத்தாலே வேற பேச்சுக்குப் போயிடறா. உங்களுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லையே."

உண்மையாகவே ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்தாள். தினமும் வீட்டு நாய்க்குட்டி தும்மியதிலிருந்து எல்லாவற்றையும் செய்தியாக அனுப்புகிற அக்கா மூன்று வாரமாக ஒரு வரிகூட அனுப்பவில்லை. ஏன் என்று நினைக்க வேண்டும் என்று ஏழுவுக்குத் தோன்றியது. அப்புறம் நினைக்கலாம் என்று தள்ளி வைத்தாள். அப்படித் தள்ளி வைத்தவை ஒரு மலை இருந்தது.

டீ நேரத்தில் நாலு அவளைப் பிடித்துக்கொண்டாள். நாலு அந்த அறையிலேயே வாய்க்காரி. வாரம் ஒரு தடவை கழிப்பறையில் அழுவாள், தினம் ஒரு தடவை கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்பாள், மேசைக்குள் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பாள்.

"என்னடி, கையெழுத்து போடப் போறியாமே?"

"ஆமா."

"படிச்சியா அதை?"

"படிச்சேன்."

"படிச்சுமா போடற? ஏய், நீ அந்தக் கோட்டுல உன் பேரை எழுதினா நாளைக்கு எங்க எல்லாருக்கும் அந்தத் தொண்ணூறு நொடி போச்சு. நேத்து எனக்கு ஒரு குழந்தைடி. ரெண்டு வயசு. அந்த ஒன்றரை நிமிஷம் இல்லேன்னா அடுத்தவன்கிட்ட நான் என்னத்தப் பேசியிருப்பேன்?"

ஏழு கோப்பையைப் பார்த்தாள். டீயில் ஆடை கட்டியிருந்தது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. கேட்டாங்க, சரின்னேன்."

நாலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "எனக்கும் பைத்தியம் பிடிக்குதுடி. நெஞ்சு அடிச்சுக்குது, கத்தறேன், வீட்டுல தட்டைத் தூக்கி அடிக்கறேன். ஆனா எனக்கு இன்னும் வலிக்குது. உன்னப் பார்த்தா பயமா இருக்கு." கடலையில் ஒரு பிடி எடுத்து ஏழுவின் கையில் திணித்தாள். "தின்னு. தின்னுட்டு யோசி."

ஏழு தின்றாள். யோசிக்கவில்லை.

பயிற்சி கீழ்த்தளக் கூடத்தில். அதற்கு வார விடுமுறையில் இருந்தவர்களையும் கட்டாயமாக வரச்சொல்லியிருந்தார்கள். ஓய்வெடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஓய்வு நாளை விட்டுவிட்டு வர வேண்டும்! முப்பது பேர் இருந்தார்கள். ஏழுவின் நேரப் பிரிவிலிருந்து ஐந்து பேர் கீழே வந்ததால் மேலே நாலு பேர்தான் போன் எடுத்தார்கள். இங்கே ஐந்து பேர் மனசை லேசாக்கிக்கொண்ட இரண்டு மணி நேரமும் அங்கே நாலு பேர் பன்னிரண்டு பேர் வேலையைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் யாருடைய அழைப்பு எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று எந்தத் திரையும் கூடத்துக்குச் சொல்லவில்லை.

பயிற்சியாளர் இஸ்திரி மடிப்பு கலையாத ஆள். காதோரம் மைக். வாசலிலேயே ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார். மஞ்சள் நிறம், அதிலும் ஒரு சிரிப்பு. ஐந்து நிமிஷத்துக்குள் அவருக்குப் பந்துக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது.

"அழுத்தம் வரும்போது பந்தை அழுத்துங்க. கோபத்தைப் பந்துக்குக் கொடுங்க!"

"ஆளைக் கொடுங்கன்னு கேட்டா பந்தைக் கொடுக்கறாங்க," என்று நாலு ஏழுவின் காதில் முணுமுணுத்தாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

மூச்சை இழுங்கள், நாலு வரை எண்ணுங்கள், விடுங்கள். காலையில் பத்து நிமிஷம் சூரியனைப் பாருங்கள். மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வேலைப் பளுவை வேறு கண்ணால் பாருங்கள் என்றார். எந்தக் கண்ணால் பார்த்தாலும் ஒன்பது பன்னிரண்டாகுமா? பிறகு கேள்வித்தாள். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இல்லை, சிலநேரம், அடிக்கடி. இல்லைக்குப் பூஜ்யம், சிலநேரத்துக்கு ஒன்று, அடிக்கடிக்கு இரண்டு. நெஞ்சு படபடக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? எரிச்சல் வருகிறதா? காரணமின்றி அழுகை வருகிறதா? வேலையைப் பற்றிய கவலை வீட்டிலும் தொடர்கிறதா? ஏழு பேனாவை எடுத்து முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை ஒரே கோடாக 'இல்லை'யில் டிக் அடித்துக்கொண்டே போனாள். ஒன்றுகூடப் பொய்யில்லை. நாலுவோ பேனா அழுந்தித் தாள் கிழிகிற அளவுக்கு 'அடிக்கடி'யில் குத்தினாள்.

தாள்களைத் திருத்திவிட்டுப் பந்துக்காரர் மேடையேறினார். அவர் முகத்தில் வெளிச்சம்.

"முப்பத்தாறு எடுத்தவங்க இருக்காங்க. அவங்களை நாம தனியா கவனிப்போம்." கடிகாரம் நாலுவைப் பார்த்துக் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். "ஆனா ஒருத்தர், நாற்பதுக்குப் பூஜ்யம்! என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல. இருக்கை ஏழு, எழுந்து நில்லுங்க!"

கைதட்டினார்கள். ஏழு எழுந்து நின்றாள். மேடையில் உட்கார்ந்திருந்த மேடம், அந்த அலுவலகத்துக்கே தலைவி, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

"இந்த நிதானம் எப்படி இருக்கும்னு காதால கேளுங்க. இது இவங்க மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு அழைப்பு. நூத்துக்கு நூறு மார்க் வாங்கினது."

பெயரும் முகவரியும் வரும் இடத்தில் 'ணொய்ங்' என்று சத்தம் போட்டு மறைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"வணக்கம், அவசர உதவி. என்ன உதவி வேணும்?" ஏழுவின் குரல். வழவழவென்று.

"வீட்டுக்காரரு... பாத்ரூம்ல விழுந்துட்டாரு... கண்ணு தொறக்க மாட்டேங்கறாரு..."

"பதட்டப்படாதீங்கம்மா. இடம் சொல்லுங்க."

ணொய்ங்.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு... இருக்குன்னு நெனைக்கறேன்..."

யாரோ ஒரு பெண். தினமும் நூறு பேர் இப்படி. ஏழு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு அழைப்பு மணி அடித்தது. குருவி கூவுகிற மாதிரி மணி. பேட்டரி தேய்ந்து, தொண்டை கட்டின குருவி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று அழுத்தியிருக்க வேண்டும். அந்த மணியை ஏழுவுக்குத் தெரியும். அவள் வாங்கிக் கொடுத்தது. அவளே ஸ்டூலில் ஏறி நின்று ஆணியடித்து மாட்டியது.

"ஏய்... சுண்டுதானே?" என்றது ஒலிப்பதிவு. "சுண்டு, நான்தாண்டி! மாமாடி... மாமா விழுந்து..."

"பதட்டப்படாதீங்கம்மா. அவரை ஒருபக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க. வாசக்கதவைத் திறந்து வைங்க."

"ஏண்டி இப்படிப் பேசற? நான்தாண்டி..."

"வண்டி கிளம்பிடுச்சும்மா. நன்றி."

டொக்.

"நாற்பத்து மூணு நொடி!" என்று கடிகாரம் முன்வரிசையிலிருந்து கூவினார்.

"கவனிச்சீங்களா?" பந்துக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "பதட்டத்துல இருக்கறவங்களுக்கு நம்ம குரல் தெரிஞ்சவங்க குரல் மாதிரி கேக்கும். நம்மளை அவங்க உணர்ச்சிக்குள்ள இழுப்பாங்க. இவங்க போனாங்களா? போகல! இதுதான் பக்குவம்!"

மறுபடியும் கைதட்டல். நாலு மட்டும் தட்டவில்லை. ஏழுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அந்தத் தாளோடு எழுந்து வந்தார். போட்டோக்காரர் குனிந்து கோணம் பார்த்தார். ஏழுவின் கையில் பேனா வந்தது, தாளுக்கு அடியில் அட்டை வந்தது, "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார் யாரோ.

உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறியது. அது என்ன என்று அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு துருப்பிடித்த தண்ணீர் துப்பித் துப்பி வரும், அந்த மாதிரி.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

"எதைம்மா?"

"அந்த டேப்பை. கடைசி பாதி."

பந்துக்காரர் சந்தோஷமாகப் போட்டார். சுண்டுதானே. நான்தாண்டி. ஏண்டி இப்படிப் பேசற. டொக்.

"சார், சுண்டு யாருன்னு தெரியுமா?"

"அது... அவங்க ஏதோ..."

"நான்தான். பேசினது எங்க அக்கா. கீழ விழுந்தது எங்க மாமா."

பந்துக்காரர் ஒரு கணம் திகைத்தார். ஒரு கணம்தான். எந்தக் குழியில் விழுந்தாலும் கையில் பூவோடு எழுந்திருக்கிற ஜாதி அது. அவர் முகம் மறுபடி மலர்ந்தது.

"பார்த்தீங்களா! சொந்த அக்கான்னு தெரிஞ்சும்..."

"ரியலி?" என்றார் மேடம், நெஞ்சில் கையை வைத்து. "தெரிஞ்சும் அவ்வளவு நிதானமாவா பேசினீங்க?"

"தெரியல மேடம்." அவள் குரல் உடைந்தது. உடைந்ததைக் கேட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். "தெரிஞ்சு பேசல. எங்க அக்கா குரல் எனக்குத் தெரியல, அவ சொல்லி நானே டைப் பண்ண அட்ரஸ்கூடத் தெரியல. இப்பக்கூடக் குரலை வெச்சு நான் கண்டுபிடிக்கல. காலிங் பெல்லை வெச்சுக் கண்டுபிடிச்சேன். என்னை மடியில போட்டு வளர்த்தவ அவ. பேர் சொல்லிக் கூப்பிடறா. நான் 'நன்றி'ன்னு சொல்லி வெட்டறேன். அதுக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்கீங்க!"

"சரிம்மா, உக்காரு. அப்புறம் ஒரு முன்னூறு நொடி தனியா பேசலாம்," என்று கடிகாரம் பாதி எழுந்தார்.

"இருங்க சார். சார், உங்க தாள்ல அழுகை வருதான்னு கேட்டிருந்தீங்க. வரலைன்னு டிக் அடிச்சேன். ஏன் வரலைன்னு கேக்க இருபதுல ஒரு கேள்விகூட இல்லையே? கோவம் வருதான்னு கேட்டீங்க. வரல. கவலை வருதான்னு கேட்டீங்க. வரல. உள்ள ஒண்ணுமே இல்லன்னா எதுவும் வராதுதானே சார்? செத்தவன்கிட்ட இந்தத் தாளைக் கொடுத்தா அவனும் பூஜ்யம்தான் வாங்குவான். அவனையும் எழுப்பி நிக்க வெச்சுக் கைதட்டுவீங்களா?"

பின்வரிசையில் யாரோ 'ஹ' என்று ஒரு பாதிச் சிரிப்பை விழுங்கினார்கள். "தோ அவ," ஏழு நாலுவைக் காட்டினாள். "அவ முப்பத்தாறு. அவளைத் தனியா கவனிக்கப் போறீங்களாம். அவ கத்தறா, அழறா, சண்டை போடறா. அவளுக்கு ரெண்டு நாள் விட்டா தேறி வருவா. எங்க அக்கா போன் அவகிட்ட போயிருந்தா, கூட ஒரு நிமிஷம் ஆயிருக்கும், ஆனா மனுஷிகிட்ட பேசின மாதிரி இருந்திருக்கும். அவ தாளைத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு என் தாளை ஃப்ரேம் போடறீங்க. இது என்ன நியாயம்?"

"நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க," என்றார் மேடம். குரலில் தேன். "ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க. நானே சாங்ஷன் பண்றேன். கையெழுத்து அப்புறம்கூடப் போட்டுக்கலாம்."

"லீவு போட்டுப் பார்த்தாச்சு மேடம். நிரம்பல. எனக்கு ரெஸ்ட் வேண்டாம். எடுத்துட்டுப் போன மூணு நாற்காலியையும் கொண்டாந்து போடுங்க. ஆளோட."

பந்துக்காரர் அவளருகே வந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், "பந்தை அழுத்துங்க. அழுத்துங்க. மூச்சை இழுங்க" என்றார்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தாள். பந்து அவள் பிடிக்குள் நசுங்கி, சிரிப்பு இரண்டாக மடிந்து, விரல் இடுக்கில் பிதுங்கிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடுங்கிய அதே நடுக்கம். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தொலைந்துபோன சாமான் கிடைத்த மாதிரி இருந்தது. பந்தைத் தாளின் மேல், அந்தப் புள்ளி வைத்த கோட்டின் மேல் வைத்தாள். மேடத்தின் கையில் அட்டை சாய்ந்து பந்து உருண்டு விழுந்தது. மேடையோரமாக உருண்டு போட்டோக்காரரின் காலடிக்குப் போயிற்று. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் அதை ஒரு படம் எடுத்தார்.

"போடி," என்றாள் நாலு, எழுந்து வழிவிட்டு. அவள் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. "முதல்ல போய் அவகிட்ட பேசு. இவங்களை நான் பார்த்துக்கறேன்." பிறகு மேடைப் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க சார், முப்பத்தாறு பேசறேன்" என்று அவள் ஆரம்பித்தது கதவு மூடும்வரை கேட்டது.

படிக்கட்டில் யாருமில்லை. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, சிமெண்ட் படியில் ஏழு உட்கார்ந்தாள். மேலே அழைப்பு அறையின் முனகல் சுவர் வழியாக இறங்கி வந்தது. நாளைக்கு அந்தப் பலகையில் தன் எண் இருக்குமா, அழித்துவிடுவார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. வயிறு பகீர் என்றது. பகீர் என்றது! அதையும் ஒரு ஓரமாகக் கவனித்துக்கொண்டாள்.

அக்காவின் எண்ணை அழுத்தினாள். நான்கு தடவை மணி போயிற்று. ஐந்தாவதில் எடுத்தாள்.

"வண..." என்று வாய் தானாகக் கிளம்பியது. உதட்டைக் கடித்தாள். வலித்தது.

"அக்கா."

எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை.

"அக்கா, சுண்டு பேசறேன்."

சத்தம் இல்லை. ஆனால் லைன் வெட்டுப்படவில்லை. ஐந்து வருஷம் காதை வைத்தே பிழைத்தவளுக்கு வெட்டின லைனுக்கும் பேசாத லைனுக்கும் வித்தியாசம் தெரியும். அங்கே ஒரு அறை இருந்தது. அறையில் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான் கேட்டேன்க்கா. நீ பேசினதை. நீன்னு எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல." மூக்கிலிருந்து வந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

மூன்று தடவை கேட்டாயிற்று. இனி பத்து நொடி, பிறகு வெட்ட வேண்டும். விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆறு. ஏழு. எட்டு. மேலே யாரோ ஓடினார்கள். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

அங்கே, தூரத்தில், அந்தத் தொண்டை கட்டின குருவி கூவியது. வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். மறுபடியும் கூவியது. மூன்றாம் தடவையும் கூவியது.

அக்கா கதவைத் திறக்கப் போகவில்லை.